மைனியும் வலது பின்சக்கரமும்

மைனியின் முன்னால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் எவரும் எங்கள் ஊரில் கிடையாது. நானே பலமுறை சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன். மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. குளச்சலுக்குக் கிழக்கே கடலைப் பார்த்த ஊர் எங்களுடையது. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், யாரிடம் கேட்டு எழுதினாய் என்று, இப்போது நான் இருக்கும் சென்னைக்கு ஃபோன் செய்வாள். நான் சரியான பதில் சொல்லும்வரை வைக்கவும் மாட்டாள்.

ஒரு ஈஸ்டருக்கு எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி திறக்கவில்லை. மாமா முயன்று பார்த்தார், நானும் முயன்றேன். “விடுங்க மைனி, ஊறுகா இல்லன்னா சோறு எறங்காதா?” என்றேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். வெந்நீரில் வைத்தாள், துணி சுற்றினாள், கதவிடுக்கில் கொடுத்தாள். நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, பாதிப் பேர் படுக்கவும் போய்விட்டோம். அப்போது உள்ளேயிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். பாட்டிலும் கரண்டியுமாக வந்து, கழுவின கை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஊறுகாய் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

“சவம், வராம எங்க போவும்?” என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. பாட்டில் மூடிக்கும் அதுதான், அரசாங்க குமாஸ்தாவுக்கும் அதுதான். ரேஷன் அட்டையில் அவள் வயதை முப்பத்தெட்டுக்குப் பதில் எண்பத்துமூன்று என்று போட்டுவிட்டார்கள். திருத்த ஆறு மாதம் ஆகும் என்றார் அந்த அலுவலகத்தின் குமாஸ்தா. மறுநாள் முதல் காலை பத்து மணிக்குச் சோற்றுப் பாத்திரத்துடன் போய் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் அங்கேயே சாப்பிட்டாள். நாலாம் நாள் வயது திருந்தியது. போகும்போது, “எண்பத்துமூணு வயசுக்காரிய இப்படிக் காக்க வைக்கலாமா சார்?” என்று மட்டும் கேட்டாளாம்.

சுனாமியில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி இறங்கியது. இரும்பு அலமாரியின் பூட்டு உப்பில் இறுகிப்போனது. உள்ளே கல்யாணச் சேலையும் அண்ணன் ஆரம்ப காலத்தில் துபாயிலிருந்து எழுதிய கடிதங்களும் இருந்தன. கடப்பாரையால் நெம்பிவிடலாம் என்று ஊரே சொன்னது. அவள் விடவில்லை. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மாறி மாறிப் பூட்டின் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒன்பதாம் நாள் சாவி போட்டே திறந்தாள். கடிதங்கள் கூழாகிக் கிடந்தன, ஒரு வரி வாசிக்க முடியாது. அவள் அழுவாள் என்று பக்கத்தில் நின்றேன். “ஒடைச்சிருந்தாலும் இதே கூழுதான் மக்கா. அலமாரியும் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனாள்.

இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமல்ல. அண்ணன் துபாயில் கிரேன் ஓட்டினான். வருஷத்தில் ஒரு மாதம் லீவு. அந்த வீட்டில் சமாதானம் நிலவுவதற்குக் காரணம் மீதிப் பதினோரு மாதங்கள்தான் என்று நான் சொல்வதுண்டு, அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று. ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையில் என்ன இருந்தது என்பதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வழியுமில்லை.

ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கல்ஃபிலிருந்து ஒருவன் வருகிறான் என்றால் ஒரு வேன் நிறைய ஆள் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும். அம்மா, மாமா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று பதினாலு பேர். வந்தவன் முன்சீட்டில் மாமாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்து, ஊர் வந்து சேரும்வரை விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வருவான். பெண்டாட்டி கடைசி சீட்டில், மடியில் யாரோ ஒருவரின் பிள்ளையுடன், ஏற்றிய பெட்டிகளுக்கு இடையில் இருப்பாள். இருபது வருஷமும் மைனி அந்தக் கடைசி சீட்டில்தான் வந்தாள். வழிநெடுக அவள் பார்த்தது அண்ணனின் பின்னந்தலையைத்தான்.

அண்ணன் ஒரு லீவில் பழைய கார் ஒன்று வாங்கினான். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினான். லீவு முடிந்து கிளம்பும்போது கைப்பிரேக்கை அதன் கடைசிப் பல்வரை இழுத்துவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் கல்லும் கொடுத்துவிட்டுப் போவான். எங்கள் கடற்கரையில் கார் வைத்திருக்கும் கல்ஃப்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தைக் கட்டிப் பழகியவர்கள்; எதையும் இறுக்கிக் கட்டினால்தான் தூக்கம் வரும். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் இழுத்தபடியே கிடந்தால் பிரேக் அப்படியே பிடித்துப்போகும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வண்டியைத் தொட வேண்டாம் என்று மைனியிடமும் சொல்லியிருந்தான்.

அவள் அவனிடம் சொல்லாமல் டிரைவிங் படித்தாள். ரிவர்ஸ் மட்டும் உங்களுக்கு வராது அக்கா என்று பயிற்சி கொடுத்தவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு வாரம், காலைப் பூசைக்குப் போகும் ஜனங்கள் அந்தப் பயிற்சிக் கார் கோயில் மைதானத்தைப் பின்புறமாகவே சுற்றுவதைப் பார்த்தார்கள். லைசென்ஸ் வந்தது. அடுத்த லீவில் அவனுக்குக் காட்ட வேண்டும் என்று அதைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

2009-இல் ஒரு புதன்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னை விளித்தாள். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

“மக்கா, ஒரு காரியம். ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போரும். ஒங்க அண்ணனுக்கக் கம்பெனிய பூட்டியாச்சு. ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கு வந்து எறங்குதாரு. ஒரே ஒரு பேக்குதான். யாரும் வரப்பிடாதுன்னாரு. என்னையும் வேண்டாம்னுட்டாரு, பஸ்ஸேறி வந்துடுவாராம்.”

“வேற என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. தொண்ட அடைச்சுட்டு அவருக்கு. இருவது வருசத்துல நான் அந்தச் சத்தத்தக் கேட்டதில்ல.”

மதிலின் மேலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். பிறகு நிமிர்ந்து, “நான் காரக் கொண்டு போவப்போறேன். தனியா” என்றாள்.

மறுநாள் காரைக் கிளப்பினாள். கைப்பிரேக்கை இறக்கிய பிறகும் வலது பின்சக்கரம் தரையோடு இழுபட்டது. ஆனாலும் விடாமல் குளச்சலில் இருக்கும் ஒரு மெக்கானிக் ஷெட் வரை ஓட்டிக்கொண்டு போனாள். போய்ச் சேரும்போது அந்தச் சக்கரத்திலிருந்து புகை வந்தது. என் ஜெராக்ஸ் கடை அந்த மெக்கானிக்கின் ஷெட்டுக்கு அடுத்ததுதான், புகையைப் பார்த்து ஓடினேன். மெக்கானிக் குனிந்து பார்த்தார். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கவ்வி ஒன்று உண்டு, காலிப்பர் என்பார்கள். அதன் உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து, உரசி நிறுத்தும் பேடை அந்தத் தட்டோடு அழுத்தும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் விட்டுவிடும். இது விடவில்லை, பேட் தேய்ந்து தகடாகிவிட்டது என்றார்.

“காலிப்பர மொத்தமா மாத்தணும் அக்கா. சாமானம் எர்ணாகுளத்துல இருந்து வரணும். ஒரு வாரமாவது ஆவும்.”

“புது பேடு மட்டும் போட்டா?”

“அது தடிமனால்லா இருக்கும். பிஸ்டன் உள்ள போனாத்தான் பேடு கேறும். இது போவாது. முடியாதுக்கா.”

அந்த மனிதருக்காக என் மனம் பதறியது. ஆனால் மைனி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. காரை முதல் கியரிலேயே, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்து, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலை என்னை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள், புது பேட் வாங்கிவர. போவதற்கு முன், மார்த்தாண்டம் பக்கம் போய்த் தெரியாத டாக்ஸி ஒன்று பிடிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

“டாக்ஸிக்காரன் கண்ணாடி வழியா பாத்துட்டே இருப்பான். அவரு வாய மூடிட்டு வருவாரு. வீட்டுக்கு வந்தா பொறவு ஆளும் பேருமா நெறஞ்சிரும். இந்த வழில வச்சுப் பேசினாத்தான் உண்டு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடையைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். இரண்டு போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரைத் தனியாக எடுத்து, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாமல் ஒரு கயிற்றால் மேலே கட்டினாள். பிஸ்டன் விளிம்பில் துரு. பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் மரம் ஒட்டுவதற்கு இறுக்கும் கிளாம்பை வாங்கி வந்து, பிஸ்டனில் கொடுத்து இறுக்கினோம். அசையவில்லை. கிளாம்பின் கைப்பிடியில் குழாய் ஒன்றைச் சொருகி, நான் முழு உடம்பையும் கொடுத்து இறுக்கினேன். கிளாம்ப் வழுக்கி என் முட்டியில் அடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சுத்தியல எடுங்க மைனி. ரெண்டு போடு போட்டா தன்னால போவும்.”

“ஒடைக்கதுக்கு எவனுக்கும் தெரியும். மாறி நில்லு.”

அவள் தரையில் படுத்து அதன் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி ஆறாகியது. பிஸ்டனின் முகத்தில் சிலுவைபோல நாலு வெட்டுகள் இருந்தன. “இது எதுக்குலே? அழகுக்கா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மனதுக்குள் நான் அப்போதே டாக்ஸி பிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மதிலின் மேல் அவள் தலை தெரிந்தது. கையில் மாவு ஒட்டிய பித்தளை நாழி, இடியாப்பம் பிழிவது, தலைப்பில் கைப்பிடி வைத்துத் திருகும் வகை.

“ஏலே, இதுக்க மேல நீ ஏறி நின்னு அமுக்கினா மாவு எறங்குமா?”

“எறங்காது.”

“ஏன் எறங்காது?”

“திருகணும்லா மைனி.”

“அப்பம் சட்டையப் போட்டுட்டு வா. கைப்பிரேக் கம்பி அந்தக் காலிப்பருக்க உள்ளதான போவுது? உள்ள திருகாணி மாதிரி பிரி இருக்கும். நேத்து முழுக்க நாம நாழிக்க மேல ஏறி நின்னுட்டிருந்தோம்.”

வெட்டுக்குள் மாட்டித் திருக ஏதாவது வேண்டும். இடுக்கி மாட்டினால் நழுவியது. பக்கத்து வீட்டில் ஒரு பையன் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும் மிஷினில் பிளேடு மாற்றுவதற்கு இரண்டு பல்லுள்ள ஒரு சாவி உண்டு. அவன் பிளேடு மாற்றுவதை நின்று பார்த்துவிட்டு, “தம்பி, அத இங்க தா” என்றாள்.

“அக்கா, இது கட்டிங் மெஷினுக்க சாவியாக்கும். காருக்குள்ளது இல்ல.”

“பல்லு ரெண்டு இருக்குல்லா? போரும்.”

கொஞ்சம் சரித்துப் பிடித்தால் பல் இரண்டும் வெட்டில் உட்கார்ந்தன. ஆனாலும் அசையவில்லை. பிஸ்டனைச் சுற்றிப் பிரேக் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். “ஒரு செபமால சொல்லிட்டுப் பாப்போம்” என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஐம்பத்துமூன்று மணியும் சொன்னாள். கடவுளை அழைக்கிறாளா, எண்ணெய் ஊறுவதற்கு நேரம் அளக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நானும் சேர்ந்து சொன்னேன். அவ்வளவு பக்தியாக நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

ஆமென் சொல்லி எழுந்து திருகினாள். பிஸ்டன் அசைந்தது, ஒரு மயிரிழை.

“மைனி, வெளியல்லா வருது!” என்று கத்தினேன்.

“வெளிய வரத் தெரிஞ்சதுக்கு உள்ள போவத் தெரியாதா? சவம், வராம எங்க போவும்?”

இப்போது வலப்பக்கம் திருகினாள். கால் சுற்று உள்ளே, கொஞ்சம் பின்னால், மறுபடி கால் சுற்று. நான் காலிப்பரைத் தொடைகளுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அழுத்தம் குறைந்தால் வெறுமனே சுற்றும், உள்ளே போகாது. சாவி அவள் கையை அறுத்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள். நான் மாற்றுகிறேன் என்றேன். “ஒனக்குப் பாதில பசிக்கும்” என்றாள். அது உண்மைதான், எனக்கு அப்போதே பசித்தது. பிஸ்டன் உள்ளே போகப் போக, பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான், பார்க்கவில்லை. அதற்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் ஒரு மணிக்குப் பிஸ்டன் முழுவதும் உள்ளே உட்கார்ந்தது. அவள் கையைப் பார்த்தேன், தோல் உரிந்து இரண்டு இடத்தில் ரத்தம். எனக்குக் கண் கலங்கியது. புது பேடின் முதுகில் ஒரு குமிழ் இருந்தது. அது வெட்டுக்குள் விழும்படி பிஸ்டனை இன்னும் அரைக்கால் சுற்று திருப்பி வைத்து, எல்லாவற்றையும் பூட்டினாள். என்னை உள்ளே ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போய்விட்டது. எனக்கு உயிரே போனது. “மிதிலே, மிதி” என்றாள். மிதிக்க மிதிக்கக் காலுக்குக் கீழே மெல்ல இறுகி வந்தது.

கோயில் மைதானத்தில் வேகமாக ஓட்டி, பிரேக் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நிறுத்தி இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டாள். நாலும் ஒரே சூடு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

“நானும் வாறேன் மைனி. வழில சக்கரம் பிடிச்சா என்ன செய்விய?”

“நீ வந்தா ஒங்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டே வருவாரு. சிரிப்பு வேண்டாம் இண்ணைக்கு.”

கல்யாணத்துக்குப் போகிறவள்போலத் தலைநிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள், கையில் கட்டு. கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள்.

பதினொன்றுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஃபோன் எடுக்கவில்லை. பூசை முடிந்து வந்த அத்தைமார் காரைக் காணாமல் கேட்டார்கள், நான் உளறினேன். ஒரு மணிக்குள் சொந்தமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. சொல்லாமல் வருகிறானா, வேன் பிடிக்காமல் இவள் எப்படிப் போகலாம், மைதானத்தைப் பின்புறமாகச் சுற்றினவளுக்கு ரோட்டில் ஓட்டத் தெரியுமா என்று ஆளுக்கொரு கேள்வி. அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்கோ கண்ணுக்குள் புகைதான் வந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டம் இறக்கத்தில் சக்கரம் பிடித்துவிட்டது, கட்டிங் மிஷின் சாவியால் பழுது பார்த்தவர்கள் என்று நாளை ஊர் சிரிக்கும், சிரிக்க அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தால் போதும் என்றெல்லாம் நினைத்தேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது. மைனிதான் ஓட்டினாள், அண்ணன் பக்கத்து சீட்டில். அவன் இறங்கினான். முகம் கழுவித் தலை சீவியிருந்தான். கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. பெட்டி எங்கே என்று அத்தை வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான்.

“கம்பெனிய பூட்டியாச்சு. நான் இனி போவல. இங்கதான்.”

காலையில் சமைத்த சோற்றின் கணக்கைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அம்மா அவன் பேக்கை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

நான் நேராக வலது பின்சக்கரத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடுதான். மைனி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“எட்டு மணிக்கு எறங்கின ஆளு. இவ்வளவு நேரம் எங்க கெடந்திய? சக்கரம் பிடிச்சுட்டா?”

“சக்கரத்துக்கு ஒரு கொழப்பமும் இல்ல.” உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வழில நெய்யாற்றங்கரைல வச்சுத் தொடங்கினாரு மக்கா. சின்னப் பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கிக் கரைஞ்சாரு. நம்ம எல்ல, களியக்காவிள வந்தும் தீரல்ல. அந்த மொகத்தோட ஊருக்குள்ள கூட்டிட்டு வர முடியுமா? வண்டியத் திருப்பி நெய்யாற்றங்கரைக்கே போனேன்.”

“பொறவு?”

“பொறவும் களியக்காவிள வந்தேன். அப்பமும் தீரல்ல.” கட்டுப்போட்ட கையில் விரல்களை மடக்கி எண்ணினாள். “மூணு மட்டம் போயிட்டு வந்தேன்.”